குளிர் அறைக்கு ஒரு போர்வை

ஏப்ரல் 11, வியாழன்

டயாலிசிஸ் மையத்தில் எதிர் நாற்காலிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். கடையநல்லூர்க்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், பெயர் செய்யதலி பாத்திமா. உட்கார்ந்ததும் பையிலிருந்து மூக்கு வளைந்த ஊசி ஒன்றையும் நூல் பந்து ஒன்றையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். குரோஷாவாம். உள்ளே புருஷனுடைய ரத்தத்தை மிஷின் வெளியே இழுத்துக் கழுவி உள்ளே விடுகிறது. வெளியே இந்த அம்மாள் டீவிக்கு உறை பின்னுகிறாள். மனிதர்களுக்கு எதில்தான் நேரம் போகும் என்று கணக்கே இல்லை.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. என் சம்சாரம் உலகம்மாளின் இரண்டு சிறுநீரகமும் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அவள் உள்ளே படுத்திருப்பாள், நான் வெளியே இரும்பு நாற்காலியில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உதவ வருகிறவர்கள் ஆலோசனையோடு வருகிறார்கள், காபியோடு போகிறார்கள்.

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். பொய் சொல்கிற முகம் எனக்குப் பத்தடி தூரத்திலேயே தெரியும். உலகுவின் தம்பி ஆவுடையப்பன் முகம் அப்படிப்பட்டது. ஆலங்குளத்தில் சிமென்ட் கடை, எருமை மாதிரி உடம்பு. கூடப்பிறந்தவளுக்கு ஒரு கிட்னி கொடுக்க மனமில்லை. அந்தப் பேச்சு வந்தாலே கடைக்கு லோடு வந்துவிடும்.

என் விஷயம் வேறு. போன மாதமே மதுரை போய் வந்தாயிற்று. போகும்போது ராஜபாளையத்தில் பஸ்ஸை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் காபி கொதிக்கக் கொதிக்க, டிகாஷன் கசப்பு. வரும்போது ஜன்னல் ஓர சீட்டு கிடைத்தது. எனக்கும் அவளுக்கும் சேராது என்று உலகுவிடம் சொல்லிவிட்டேன். அத்தோடு அது முடிந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று பாத்திமா பின்னியது ஒரு மஞ்சள் வட்டம். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

மே 4, சனி

கத்திரி பிறந்துவிட்டது. காலை ஆறரைக்கே தார் ரோடு கொதிக்கிறது. உலகுவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், சாம்பார், காபி எல்லாம் சேர்த்து. காலையிலேயே அதை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிடுகிறாள். மத்தியானம் அந்தப் பாட்டிலை அவள் பார்க்கிற பார்வையை எழுத எனக்கு இஷ்டமில்லை. நான் கொல்லைக் குழாயில் போய்க் குடித்துக்கொள்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவது.

வெளியே இப்படி என்றால் மையத்துக்கு உள்ளே அவள் நடுங்குகிறாள். ஏசி ஒரு பக்கம், வெளியே போய்த் திரும்புகிற ரத்தம் சூடு குறைந்து வருவது ஒரு பக்கம். மையத்துப் போர்வை இட்லித் துணியைவிட மெல்லியது. அதைச் சொன்னதற்கு நர்ஸ், எல்லாருக்கும் அதுதான் சார் என்றாள். எல்லாருக்கும் அதுதான் என்றால் எல்லாரும் நடுங்கட்டும் என்று அர்த்தம்.

வேறு வழியில்லாமல் பாத்திமாவிடம், ஒரு கம்பளிப் போர்வை பின்னிக் கொடுத்தால் கேட்டதைக் கொடுக்கிறேன் என்றேன். அவள் ஊசியை நிறுத்தவே இல்லை.

"நீங்களே பின்னுங்க அண்ணாச்சி. நாலு மணி நேரம் நாற்காலியத்தான தேய்ச்சிக்கிட்டு இருக்கீக."

திமிர். ஆனால் கண்டிப்பாக இவளால் முடிகிற காரியம் என்னால் முடியாமல் போகாது.

மே 9, வியாழன்

முதலில் சங்கிலி போட வேண்டுமாம். நூலில் ஒரு சுருக்கு, சுருக்குக்குள் ஊசி, ஊசி மூக்கில் நூலைக் கொக்கி போட்டு இழுத்தால் ஒரு கண்ணி. அப்படியே அடுத்தது. ஒரு குழந்தை கற்றுக்கொள்கிற காரியம். ஒன்றரை மணி நேரத்தில் பதினேழு கண்ணி போட்டேன். எலி கடித்த கயிறு மாதிரி இருந்தது. பாத்திமா வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு இழுப்பில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டாள். முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை.

மே 14, செவ்வாய்

வாசல் செக்யூரிட்டி பார்த்துவிட்டான். என்ன சார், பேரனுக்கு ஸ்வெட்டரா என்று சிரித்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடுகிறவனுக்கு என் வேலை கேலியாகப் படுகிறது.

மே 25, சனி

நாற்பது கண்ணி. எட்டு வரிசை. ஓரம் கோணியது. பிரித்தேன்.

ஜூன் 6, வியாழன்

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டீவியில் சொன்ன மறுநாளே காரும் வேனுமாக ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, தோளில் துண்டோடு, ரோட்டை அடைத்துக்கொண்டு. மேலே இருந்து விழுகிற தண்ணீரின் கீழே நிற்பதற்கு இருநூறு மைல் வந்தவர்களை என்ன சொல்வது.

போர்வையை நிஜமாகவே தொடங்கிவிட்டேன். நிறத்தை உலகுதான் சொன்னாள், மயில்கழுத்து. கடையில் இருந்தது ஆறு பந்து, மீதி திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். நூற்றிருபது கண்ணி அகலம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மலையிலிருந்து வரும் ஈரக் காற்று பட்டுக்கொண்டே இருக்கிறது. கம்பளி கையில் சூடாக இருக்கிறது. எண்ணிக்கொண்டே போகும்போது தலைக்குள் வேறொன்றும் வருவதில்லை. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று. இன்று பதினொரு மணி ஆனதே தெரியவில்லை. நர்ஸ் வந்து, சார் முடிஞ்சுட்டு, அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க என்றபோது, இந்த வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை.

பயனுள்ள வேலை. ரசிக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஜூன் 18, செவ்வாய்

செவ்வாய்தோறும் திருநெல்வேலியிலிருந்து வரும் டாக்டர் அம்மா இன்று என் நாற்காலிக்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. உலகம்மாள் உடம்பு இப்போது ஆப்பரேஷனைத் தாங்கும், நாள் போகப் போக இதயம் சோர்ந்துவிடும் என்றார். மதுரையில் எனக்கு எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும், எது சேரவில்லை என்று தெரிந்தால் வேறு வழி யோசிக்கலாம் என்றார்.

வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

இந்தக் காலத்து டாக்டர்களுக்குக் காகிதம் இல்லாமல் வைத்தியம் வராது.

ஜூன் 25, செவ்வாய்

மாடிப்படி வளைவுக்கு நாற்காலியை மாற்றிக்கொண்டேன். அங்கே வெளிச்சம் நல்லது.

ஜூலை 23, செவ்வாய்

ஆடிக் காற்று. படிக்கட்டு ஜன்னலை மூட முடியவில்லை. நூல் பந்து கையை விட்டுப் பதினான்கு படியும் உருண்டு இறங்கி, கீழே மருந்துக் கடை வரைக்கும் போய்விட்டது. மயில்கழுத்து நூல் படிபடியாகக் கிடக்க, அதைச் சுற்றிக்கொண்டே இறங்கினேன். டாக்டர் அம்மா எதிரே ஏறி வந்தார். ரிப்போர்ட் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். நூலின் மறு நுனியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆவுடையப்பன் வந்திருந்தான். அக்காவுக்கு ஒரு பை சாத்துக்குடி, நாலு இளநீர். சிறுநீரகம் போனவளுக்கு இளநீர் விஷம் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறோம். என் மடியில் இருந்த போர்வையைப் பார்த்தான். நானே, சும்மா இருக்கிறவன் இதையாவது செய்கிறேன், சில பேர் அதுகூடச் செய்வதில்லை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள மனசு. எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

அவன் போன பிறகு பாத்திமா கேட்டாள். அவளுக்கு பி குரூப்பாம், புருஷனுக்கு ஓ. அவள் கொடுக்கிறேன் என்று போய் அழுதும் ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். "உங்களுக்கு எதுனால சேரலன்னாக அண்ணாச்சி?"

எண்ணிக்கை விட்டுப்போகிறது, பேசாமல் இரு என்றேன்.

அந்த வரிசையை மூன்று தடவை பிரித்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

முடிந்தது. ஐந்தடிக்கு நாலடி. ஓரத்துக்கு பாத்திமா அலை அலையாக ஒரு கரை சொல்லிக்கொடுத்தாள். ஆடம்பரம், ஆனால் போட்டேன்.

உலகு மேல் போர்த்தினேன். கையில் குத்தியிருக்கிற இரண்டு ஊசிக்கும் தொந்தரவில்லாமல் கழுத்து வரைக்கும் வந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். "வலது ஓரம் கொஞ்சம் இழுத்திருக்கு" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். இரண்டு வருஷத்தில் அந்த மிஷினோடு அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்துப் படுக்கையில் பாத்திமாவின் புருஷன் ஷேக் உதுமான். முன்பு தனியார் பஸ் டிரைவர், என்னைக் கண்டாலே செக்கிங் வந்தாச்சு என்று பக்கத்தில் சொல்வார். இன்று அவர், "சார், டிக்கெட்டு எடுக்கேன், எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார். உங்கள் சம்சாரமே இருக்கிறாளே என்றேன். அவள் வேகத்துக்குப் பின்னுகிறாள், நீங்கள் பார்த்துப் பின்னுகிறீர்கள் என்றார்.

டிரைவர்களுக்கு வாய் அதிகம். நாளைக்குப் பழுப்பு நிறம் எட்டுப் பந்து வாங்க வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஐப்பசி மழை. நான்கு நாளாக வெயிலே இல்லை. கம்பளி நூல் ஈரத்தைக் குடித்து ஊசியில் வழுக்காமல் பிடிக்கிறது, நனைந்த நாய் வாசம் வேறு. உதுமானின் போர்வை பாதி வந்திருக்கிறது. இந்த ஐந்து மாதத்தில் கை தானாகவே ஓடப் பழகிவிட்டது. மழையைப் பார்த்துக்கொண்டே பின்னுகிறேன், ஊசியைப் பார்ப்பதில்லை. இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று சர்வீஸில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் அவனுக்கு அபராதம் போட்டிருப்பேன்.

உதுமானுக்கு மூச்சு இரைக்கிறது. கால் வீங்கிக் கிடக்கிறது. ஒரு வாய்த் தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டாராம், அதற்கு பாத்திமா அவரைத் திட்டுகிறாள். உலகுவும் மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் நிற்கிறாள் இப்போது. மழைக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

உதுமானின் படுக்கையில் வேறு ஆள். தீபாவளி கழிந்த ஞாயிறு ராத்திரி மூச்சு முட்டி, மையத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டாராம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் ஒரு பையன் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

நான்கு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

மையம் முடிந்து, உலகுவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கடையநல்லூர் போனேன். வேண்டாம், களைப்பாய் இருப்பாய் என்றேன், கேட்கவில்லை. பாத்திமா இத்தா இருக்கிறாள். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. உலகு உள்ளே போனாள். நான் வெளியே ஆண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில். அவர்களில் ஒருவர் உதுமானின் தம்பியாம். அவருக்கு ஓ குரூப். பாத்திமா கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். எட்டு மாதம் யோசித்தாராம். இதை அவரே, யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியின் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தையாவது அவரை ஏளனமாக நினைக்கப் பார்த்தேன். வரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இதை எழுதிவிடுகிறேன்.

மார்ச்சில் மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். எதிர்க்கடையில் காபி குடித்தேன். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடுவதை முக்கால் மணி நேரம் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உள்ளே போகவே இல்லை. கத்தி என்றால் எனக்குப் பயம். மயக்க மருந்து கொடுத்து எழுப்பாமல் விட்டுவிடுவார்கள் என்று பயம். அறுபது வயதில், ஒரு ஊசிகூடக் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளாத உடம்பு இது.

காலையில் உலகு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் சாப்பிடக் கூடாத கீரை, எனக்காக. எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"தம்பி வைகாசியிலயே போயிட்டு வந்தான். சுகர் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காயிதத்தக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு அழுதான். உங்ககிட்டச் சொல்லாதீங்கன்னான், சாக்குச் சொல்லுதான்னு பேசுவீங்களாம். ரத்தம் எடுத்த எடத்துல அவனுக்குப் பிளாஸ்திரி இருந்துது. உங்களுக்கு ஒண்ணுமில்ல. வேட்டி மடிப்புக்கூடக் கலையாம வந்தீங்க."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

கீரைத் தண்டை ஒதுக்கி வைத்தாள். "கேட்டு வாங்குத பொருளா அது? பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா சரின்னு இருந்திருப்பேன். நீங்க அவனைப் பேசுனீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

பிறகு கீரையைக் கழுவ எழுந்து போனாள். அரை மணி நேரம் கொல்லையில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஆலங்குளத்துக்கு போன் செய்தேன். ஆவுடையப்பன், "அத்தான், சொல்லுங்க" என்றான். லோடு வந்துவிட்டதா என்று கேட்டேன். வரவில்லை என்றான். மதுரைக்குத் துணைக்கு வருவாயா என்றேன். எதற்கு என்று கேட்காமல், எப்போ என்று மட்டும் கேட்டான்.

டிசம்பர் 17, செவ்வாய்

மதுரையில் இது மூன்றாவது தடவை. ரத்தம், சிறுநீர், ஸ்கேன், இதயம், பல், மனசு. மனசைச் சோதிப்பதற்குக்கூட ஒரு டாக்டர். எல்லாம் சேருகிறது. கசாப்புக் கடையில் ஆட்டைப் பார்ப்பது மாதிரி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல கிட்னி சார் என்றார்கள். அதை நான் சம்பாதித்தது போலச் சொல்கிறார்கள்.

மார்கழிக் குளிரில் விரல் மடங்கவில்லை. இருந்தாலும் உதுமானின் பழுப்புப் போர்வையைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி நடையில் ஸ்கேனுக்குக் காத்திருக்கிற நேரத்தில் வரிசைகள் நன்றாக ஏறுகின்றன. இங்கே யாரும் சிரிப்பதில்லை. நேற்று ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். ஆவுடையப்பன் நூல் பந்தை மடியில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுக்கிறான். இழுக்கத் தெரியாமல் இறுக்குகிறான். தளர்த்து என்று திட்டினால் தளர்த்துகிறான்.

இன்று மத்தியானம் கடைசி வரிசையைக் கட்டி முடித்தேன். உலகு போனில் பாத்திமாவிடம் சொன்னாளாம். அதை அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். உதுமான் படுத்த படுக்கைக்கு இப்போது யார் வருகிறார்களோ அவர்களுக்குப் போடச் சொன்னாளாம். அந்தச் செல்போன் பையனின் அம்மா. சரி.

ஜனவரி 22, புதன்

ஆஸ்பத்திரிக் குழு முன்னால் நிறுத்தினார்கள். கொடுக்கிறவனை யாரும் மிரட்டவில்லை, விலை பேசவில்லை என்று உறுதி செய்ய வேண்டுமாம். மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். உலகுவும் நானும் எதிரே. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் புரட்டினார்கள். ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில் எத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மனைவிக்கு நோய் வந்து இரண்டே முக்கால் வருஷம் ஆகிறதே, நீங்கள் ஏன் இப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்.

நல்ல பதில்கள் நாலைந்து என்னிடம் இருந்தன. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"பயந்துட்டேன் மேடம்" என்றேன். "டெஸ்ட் எடுத்ததா வீட்டுல பொய் சொன்னேன்."

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். இப்போது பயமில்லையா என்றார்.

"இருக்கு."

உலகு என் பக்கம் திரும்பவில்லை. மேஜைக்குக் கீழே என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து பேரும் கையெழுத்துப் போடும் வரைக்கும் விடவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நாளை ஆப்பரேஷன். ஆவுடையப்பன் பழம் எதுவும் வாங்காமல் வந்திருக்கிறான். முன்னேற்றம்தான்.

பிப்ரவரி 22, சனி

எழுத இன்றுதான் விட்டார்கள். இடது விலாவுக்குக் கீழே அவர்கள் தைத்திருக்கிற தையலைப் பார்த்தேன். ஒரு சீராக இல்லை. பாத்திமாவாக இருந்தால் பிரித்திருப்பாள்.

மயக்கத்திலிருந்து எழுந்ததும் நர்ஸ் என் பெயரைச் செவிடனிடம் கத்துவது போலக் கத்தினாள். உயிரோடுதான் இருக்கிறேன், கத்தாதே என்று சொல்ல நினைத்தேன். நாக்கு புரளவில்லை. உலகு எப்படி என்பதற்குப் பதிலாக உல என்று மட்டும் வந்தது. நல்லா இருக்காங்க என்றாள்.

உலகு கண்ணாடி அறையில் தனியாக இருக்கிறாள். பதினைந்து நாளைக்கு யாரும் பக்கத்தில் போகக் கூடாது. இன்று காலை ஆவுடையப்பன் போனைப் போட்டுக் காதில் வைத்தான். அவள் குரல் தூரத்திலிருந்து வந்தது, ஆனால் அதற்குள் ஏதோ குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு மேலாக அவளுக்குச் சிறுநீர் என்பதே கிடையாது. அந்த வார்த்தையை முப்பது வருஷக் குடித்தனத்தில் என்னிடம் அவள் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது.

"என்னங்க, கேட்டீங்களா, பையி நிறைஞ்சுட்டாம். ராத்திரி நர்ஸு மாத்துனாளாம். இது நாலாவது பையி. டாக்டரு வந்து அதத் தூக்கிப் பிடிச்சு, தங்கம் மாதிரி இருக்குதும்மான்னு சொல்லுதாரு. நாலு பேரு நின்னு அதப் பாக்காங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

குலுங்கியது சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆவுடையப்பன் போனைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி நின்றான். சிரித்தால் தையல் இழுக்கிறது, ஐயோ என்றேன். வலிக்குதா என்று அவள் கேட்டாள். வலிக்கிறது என்றேன். அப்ப சிரிக்காதீங்க என்றாள், சொல்லிவிட்டு மறுபடியும் அவளே சிரித்தாள். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நானும்.